அண்ணையின் சாறத்தில் கிடந்த பிள்ளை

பிள்ளை பிறந்த நாலாம் நாள் வீட்டுக்கு வந்த எல்லாரும் அவனுடைய நிறத்தைப் புகழ்ந்தார்கள். "தாயும் தேப்பனும் நல்ல கறுப்பு, இவன் மட்டும் பவுண் நிறத்தில வந்து பிறந்திருக்கிறான்" என்று பக்கத்து வளவு அக்கா பகிடி விட்டா. நானும் சேர்ந்து சிரித்தேன். ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை என்ன நிறமாக இருந்தால்தான் என்ன, ஆனாலும் உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது நிறமில்லை, உடைந்துகொண்டிருக்கிற இரத்தம் என்று தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஜெயபுரத்தில் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மாருக்கு வாயால் சொல்லிப் பார்த்தேன். பாதிக் கதையில் எனக்கு அழுகை வந்துவிடும், அவர்கள் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார்கள், சொல்ல வந்த விஷயம் அப்படியே போய்விடும். எழுதுவதில் ஒரு வசதி, அழுதுவிட்டுத் திரும்பி வந்தும் எழுதலாம்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் கழியும்வரை புதுத்துணி போடமாட்டோம். வீட்டில் பெரியவர்கள் உடுத்துப் பழசான பருத்தித் துணியில்தான் சுற்றுவோம். தோலை உறுத்தாது, அந்த ஆளின் ராசியும் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அப்படிச் சுற்றுவதற்கு என்னிடம் இருந்தது என் அண்ணையின் துணி.

அண்ணை கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். தண்ணீர் எடுத்துவரப் போன ஆள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவர் விட்டுப்போனது இரண்டு சாறம், ஒரு வேட்டி, மூன்று சேட்டு. இடம்பெயர்ந்து ஓடின வழியில் அம்மா சட்டி பானை எல்லாவற்றையும் விட்டாலும் அந்தப் பையை விடவில்லை. மீள்குடியேறி வீடு கிடைத்ததும் முதலில் வாங்கியது ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொரு வருடமும் அண்ணையின் பிறந்தநாளுக்கு அந்தத் துணிகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, பூச்சி வராமல் வெள்ளை உருண்டைகளை மடிப்புக்கு ஒன்றாக வைத்து மூடுவா. வந்தால் உடுக்க உடுப்பு வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அம்மா செத்த பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா ஒன்று வைத்த இடத்தில் நான் இரண்டு உருண்டை வைத்தேன். எதைச் செய்தாலும் கொஞ்சம் கூடச் செய்வது என் குணம்.

பிள்ளையோடு ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்று பெட்டியைத் திறந்து, வேட்டியில் பிள்ளைக்குத் தொட்டிலாக ஏணை கட்டினேன். ஒரு சாறத்தை இரண்டாகக் கிழிக்க மனம் வரவில்லை, முழுசாகவே மடித்துப் பிள்ளையைச் சுற்றினேன். என் கணவர் சிவம் பக்கத்தில் நின்றார்.

"இஞ்சாரும், ஒருக்கா அலசிப்போட்டுச் சுத்துவமே? மணக்குது."

"தோய்ச்சுத்தான் வச்சனான். இனியும் தோய்ச்சால் அண்ணையின்ர எண்டு அதில என்ன மிச்சமிருக்கப்போகுது?"

நான் கோபித்தால் பேச்சை நிறுத்திவிடுகிற மனுசன் சிவம். அந்த நேரம் அவர் என்னோடு சண்டை பிடித்திருந்தால் என்று இப்போது அவரையே கோபிக்கிறேன், அது எவ்வளவு நியாயமில்லாத கோபம் என்று தெரிந்துகொண்டே.

அவருடைய தமக்கை, என் மச்சாள், காலையும் மாலையும் வந்து பிள்ளைக்கு உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, சுடுதண்ணி வார்த்து, அந்தச் சாறத்திலேயே சுற்றித் தருவா. எண்ணெய் பூசிய தோல் அந்த உருண்டையின் நச்சை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும் என்பதைப் பிறகு டொக்டர் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். மச்சாள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை மிட்வைஃப் வந்தா. எங்கள் பகுதிக்குப் பல வருடமாக வருகிற, அதிகம் பேசாத பெண். பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கி, வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தா. பிறகு வயிற்றில். பிறகு உள்ளங்காலில். விரலை எடுத்த இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"பால் குடிக்கிறானோ?"

"நேற்றையிலயிருந்து கொஞ்சம் குறைவு மிஸ். நல்லா நித்திரை கொள்ளுறான்."

"இது நித்திரை இல்லை. ஓட்டோ ஒண்டு பிடியுங்கோ. குளிக்கவேண்டாம், சமைக்கவேண்டாம், இப்பவே போகோணும்."

உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கியிருந்தால் இரத்தத்தில் அது மிக அதிகம் என்று அர்த்தமாம். இந்த மஞ்சள் நோய், செங்கண்மாரி, பிறந்த பிள்ளைகள் பலருக்கு வரும், இளவெயில் காட்டினால் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓட்டோவுக்குள் ஏறும்போது மற்றச் சாறத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டேன். மாற்றுத் துணி வேண்டுமே.

கிளிநொச்சி ஆசுபத்திரியில் பிள்ளையின் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் பெண் டொக்டர் ஒரு கடதாசியோடு வந்தா. அதில் இரண்டு கோடுகள் கீறியிருந்தன. கீழ்க்கோட்டுக்கு மேலே மஞ்சள் போனால் நீல வெளிச்சத்துக்குக் கீழே வைப்பார்கள். மேற்கோட்டையும் தாண்டினால் பிள்ளையின் இரத்தத்தையே மாற்றவேண்டும். எங்கள் பிள்ளையின் புள்ளி இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த மஞ்சள் அளவுக்கு மேலே போனால் மூளைக்குள் இறங்கும், முதலில் காது கேட்பதையும் உடம்பின் அசைவையும் கெடுக்கும் என்று சுற்றி வளைக்காமல் சொன்னா. நான் அதற்குப் பிறகு அந்த மேற்கோட்டைத் தவிர வேறொன்றையும் யோசிக்கவில்லை.

"பிள்ளைக்கு ஏதாவது குடுத்தனீங்களோ அம்மா? நாட்டு மருந்து, குளிசை..."

"நான் ரீச்சர், டொக்டர். நாட்டு மருந்து குடுக்கிற ஆளில்லை. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கேல்லை."

அவ இன்னும் நாலைந்து சாமான்களைக் கேட்க வாயெடுத்தவ. நான் இடையில் வெட்டிவிட்டேன். படிக்காத ஆள் என்று என்னை நினைத்துவிட்டா என்ற ரோசம். அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்க, அவ அங்கே ஓடினா. அவ கேட்க இருந்த கேள்விகளில் துணிக்குப் போடுகிற உருண்டையும் ஒன்று என்று பிறகு சொன்னா. அந்த ரோசத்துக்கு என் பிள்ளை கொடுத்த விலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நீல வெளிச்சம் என்றால் குழாய் விளக்குகள்தான், நல்ல நீலமாக எரியும். பிள்ளையின் கண்ணைத் துணியால் மறைத்து, அரைத்துண்டோடு மட்டும் அதன்கீழ் கிடத்துவார்கள். இரத்தச் சிவப்பணு உடையும்போது வருகிற கழிவுதான் அந்த மஞ்சள். அது தண்ணீரில் கரையாது, ஆகவே சிறுநீரோடு வெளியே போகாது. அந்த வெளிச்சம் தோலில் படும்போது மஞ்சளின் வடிவம் மாறிக் கரையக்கூடியதாகிவிடும்.

"வீட்டிலயிருந்து கொண்டுவந்த துணி இருக்கோ? சுத்தமானதோ?" என்று தாதி கேட்டா. "ஓம் மிஸ், தோய்ச்சது" என்றேன். பொய் இல்லை, தோய்த்ததுதான். தோய்த்து, உருண்டை போட்டு, பல மாதம் பெட்டிக்குள் கிடந்தது. மற்றச் சாறத்தை நாலாக மடித்து நானே அவனுக்குக் கீழே விரித்தேன். பால் கொடுக்க எடுக்கும்போது அதாலேயே சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மஞ்சள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியிருந்தது. இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். என்னுடைய இரத்த வகையும் அவனுடையதும் ஒத்துப்போகாததால் இருக்குமோ என்று பார்த்தார்கள், இரண்டும் ஒன்றே. கிருமித் தொற்றோ என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. அவனுடைய அரைத்துண்டில் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறை பிடித்திருந்தது. டொக்டர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப என்று ஒரு சின்னக் குப்பியில் தனியாக இரத்தம் எடுத்தா.

சிவம் வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். ஆண்களுக்கு உள்ளே நேரம் கணக்கு. ஒவ்வொரு முறையும் நான் வெளியே போகும்போது ஒரு போத்தல் சுடுதண்ணியும் உரித்த தோடம்பழச் சுளைகளும் வைத்திருப்பார். தையல் நோவோடு நான் உரிக்கக்கூடாதாம். அவர் நகத்துக்குள் வயல் சேறு இன்னும் போகாமல் இருந்தது. நான் சுளைகளை வாங்கிக்கொண்டுபோய் யாருக்காவது கொடுத்துவிடுவேன். விழுங்க முடியவில்லை.

அந்தச் சுளைகளைப் பெரும்பாலும் தின்றது நஸ்ரின். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து குறைமாதப் பிள்ளையோடு அனுப்பப்பட்டு வந்த இளம் தாய், எனக்குப் பக்கத்துக் கதிரை. அவளுடைய வாப்பா பிடவைக் கடை வைத்திருப்பவர். அவள் ஓயாமல் கதைப்பாள். எனக்கு ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருந்தது.

ஏழாம் நாள் காலை நான் முகம் கழுவப் போகும்போது பிள்ளையைக் கொஞ்சநேரம் அவளிடம் கொடுத்தேன். திரும்பி வரும்போது அவள் அவனை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுளித்தபடி இருந்தாள்.

"அக்கா, கோவிக்காதீங்கோ. உங்கட புள்ளையில புள்ள வாசம் ஒண்டும் இல்ல. எங்கட வாப்பாட கடையில பழைய சாமான் கட்டைப் பிரிச்சா வருமே, அந்த உருண்ட வாசம். இந்தச் சாரம் எங்க இருந்தது?"

எனக்கு அந்த மணம் தெரியவில்லை. பல வருடமாக அந்தப் பெட்டியோடு இருந்தவளுக்கு அது மணமே இல்லை, அண்ணையின் துணி என்றால் அப்படித்தான் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. "அது என்ர அண்ணையின்ர" என்று பிள்ளையைப் பறிக்காத குறையாக வாங்கினேன். வாங்கிய கையோடு அவன் அழுதான். அந்த அழுகை புதுசு. மெல்லிய, உச்சத்தில் நின்ற சத்தம். முதுகை வில்லாக வளைத்தான், தலை பின்னுக்குப் போனது, கைகள் விறைத்தன.

டொக்டர் ஓடி வந்தா. சொன்னது நஸ்ரின்தான்.

"டொக்டர், இந்தச் சாரத்தில பூச்சி உருண்ட வாசம் அடிக்குது. அதால ஏதும் வருமா?"

டொக்டர் சாறத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா. அடுத்த நொடி அதைப் பிள்ளையிலிருந்து உருவித் தூர எறிந்தா. "எத்தினை நாளா?" என்று கேட்டா. நான் விரலை மடித்து எண்ணினேன். ஐந்து.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புள்ளி மேற்கோட்டைத் தாண்டியிருந்தது. கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். சிவம் வைத்தார். தொப்புள் கொடி இருந்த இடத்தால் மெல்லிய குழாயைச் செலுத்தி, ஊசியால் கொஞ்சம் இரத்தத்தை வெளியே இழுப்பார்கள். அதே அளவு நல்ல இரத்தத்தை உள்ளே விடுவார்கள். இழுப்பது, விடுவது, இழுப்பது, விடுவது. ஒருவர் ஒவ்வொரு முறையையும் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். அவனுக்குள் ஓடிய என் இரத்தம் முழுவதும் ஒரு கிண்ணத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் தொடங்கியது, வெயில் சரியும்போது முடிந்தது.

முடிந்தபிறகு டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தினா. களைத்துப்போயிருந்தா. சிவத்தைப் பார்த்து, "என்ன வேலை?" என்றா.

"வயல்."

"அப்ப துருசு திறக்கிற ஆளைத் தெரியும்தானே?"

சிவம் தலையாட்டினார். குளத்தின் மதகைத்தான் நாங்கள் துருசு என்போம்.

"குளத்தில தண்ணி நிக்குது. வயல் கீழ இருக்குது. தண்ணி தானாத்தான் ஓடும், துருசுக்காரன் அதைத் தள்ளுறதில்லை. ஆனா அவன் திறக்காட்டில் தண்ணி கட்டுக்குள்ளால கசிஞ்சு வாறதுக்கு மாசக்கணக்காகும், அதுக்கிடையில பயிர் செத்துப்போகும். அவன் திறந்துவிட்டா ஒரு மணித்தியாலம். திறந்ததால அவன் தேய்ஞ்சும் போறதில்லை, நாளைக்கும் அவனே வருவான். உடம்புக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் அப்பிடி ஒரு ஆள் இருக்குது. அதைத்தான் நொதியம் எண்டுறது."

எனக்குச் சுருக்கென்றது. ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானப் பாடத்தில் நான் இதை எழுதியிருக்கிறேன். உமிழ்நீரை மாக்கரைசலில் விட்டு, அயடீன் துளி போட்டு, நீலம் வராமல் போவதைப் பார்த்து, "நொதியங்கள் உயிரியல் ஊக்கிகளாகும். தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும், இறுதியில் தாம் மாற்றமடையா" என்று மனப்பாடமாக எழுதி முழு மார்க் எடுத்தவள் நான். மாற்றமடையாமல் எஞ்சுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று யாரும் கேள்வித்தாளில் கேட்கவுமில்லை.

டொக்டர் மிச்சத்தைச் சொன்னா. சிவப்பணு ஒட்சிசனைச் சுமக்கிறது. சுமக்கிற பொருளே அதை அரிக்கவும் பார்க்கும், இரும்பில் துருப்பிடிப்பதுபோல. அரிப்பைத் தடுக்கும் ஒரு காவல் பொருள் சிவப்பணுவுக்குள் இருக்கிறது. அந்தக் காவலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிற வேலையைத் தொடக்கிவிடுவது ஒரு நொதியம். அதன் பெயர் நீளம், சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள். எங்கள் பிள்ளைக்கு அந்த நொதியம் குறைவாக இருக்கவேண்டும் என்று அவ நினைத்தா. மற்ற உடற்கலங்கள் என்றால் தேய்ந்ததற்குப் பதிலாகப் புதிதாக நொதியம் செய்துகொள்ளும், சிவப்பணுவுக்கு அந்தச் சக்தியும் இல்லை. சாதாரணமாக அவன் சமாளித்துக்கொண்டு வாழ்ந்திருப்பான். ஆனால் அந்த உருண்டையின் ஆவி மூச்சாலும் தோலாலும் உள்ளே போய், ஒரேயடியாக அரிப்பைக் கூட்டிவிட்டது. காவல் தீர்ந்தது, பணுக்கள் உடைந்தன. உடைந்ததால் வந்த மஞ்சளை ஈரலில் கரைத்து அனுப்புகிற இன்னொரு நொதியம் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை.

"உங்கட பக்கத்தில ஆருக்கும் இப்பிடி வந்ததோ? குளிசை ஏதும் குடிச்சு, கறுப்பாச் சிறுநீர் போய், ஆள் வெளிறினது?"

நான் உடனே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த முறை நிறுத்தினேன்.

அண்ணைக்குப் பதினாலு வயதில் மலேரியா வந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் மலேரியா வராத வீடு இல்லை. குளிசை கொடுத்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அண்ணைக்குக் கறுப்புச் சிறுநீர் போனது, எழும்ப முடியாமல் கிடந்தார். காய்ச்சல் மூளைக்கு ஏறாமல் கீழால் போகிறது என்று நம்பி அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. குளிசை பிடிக்கவில்லை என்று அண்ணை தானே வெறுத்து எறிந்துவிட்டார், தப்பினார். இதைச் சொன்னபோது டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அந்தக் குளிசையில ஒண்டு இந்தக் குறை உள்ள ஆக்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இது தாயாலதான் ஆண்பிள்ளைக்கு வாறது. உங்கட அம்மாவிட்டயிருந்து அண்ணைக்கு, உங்களுக்கு. உங்களிட்டயிருந்து இவனுக்கு. உங்களுக்கு ஒண்டும் செய்யாது, காவிக்கொண்டு மட்டும் திரிவியள்."

குறையைக் கொடுத்தவளும் நான், அந்தக் குறைக்கு நஞ்சைக் கொண்டுபோய்ச் சுற்றியவளும் நான், கேட்ட கேள்வியை வெட்டியவளும் நான். சிவத்தின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "ஒருக்கா அலசச் சொன்னனானெல்லே" என்று அவர் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன், சொன்னால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் எழும்பிப்போய், என் பையிலிருந்த துணிகள், என் சட்டை, துவாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஆண் ஒருவர் துணி தோய்ப்பதைப் பார்த்து அங்கே நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் மூன்று முறை சவர்க்காரம் போட்டு, ஒவ்வொன்றையும் மணந்து மணந்து பார்த்துத் தோய்த்தார்.

மஞ்சள் இறங்கியது. இரண்டு நாளில் கீழ்க்கோட்டுக்கும் கீழே வந்தது. வளைவதும் நின்றது, அழுகை பழைய அழுகையானது. ஒரு காலை நானே எதிர்பார்க்காத நேரம் வாயைத் திறந்து மார்பைத் தேடினான். நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய பிள்ளை அதற்கு முதல் நாள் போய்விட்டது. உடலைத் தூக்கிக்கொண்டு போக அவளுடைய வாப்பா வருவதற்காகக் காத்திருந்தாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையால் என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அதைக்கூட அவளிடம் நான் சொல்லாமலே விட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து முடிவு வந்தது. டொக்டர் நினைத்ததுதான். வீட்டுக்கு விடுகிற அன்று எனக்கு ஒரு அட்டை தந்தா. என் பெயரும், பிள்ளை பிறந்த திகதியும், அவனுக்குக் கொடுக்கக்கூடாத மருந்துகளும், பூச்சி உருண்டை கூடாது என்பதும் அதில் இருந்தன. எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டவேண்டும்.

"டொக்டர், இன்னொண்டு தருவியளோ? அண்ணையின்ர பேரில."

"அவரையும் ஒருக்காச் சோதிக்கோணுமே. எங்க இருக்கிறார்?"

"தெரியாது. காணாமல் போனவர். எங்கயாவது அடைச்சு வச்சிருந்தால், காய்ச்சல் கீய்ச்சல் வந்து அந்தக் குளிசையைக் குடுத்துப்போட்டாலும் எண்டு..."

டொக்டர் மேசை லாச்சியிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து, அண்ணையின் முழுப்பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினா. கீழே 'சந்தேகம், சோதிக்கவேண்டும்' என்று போட்டா. கையெழுத்தும் வைத்தா. அதை யாரிடம் கொடுப்பது என்று அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் துணிகளை எரிக்கச் சொன்னா மச்சாள். நான் எரிக்கவில்லை. நாலு முறை தோய்த்து, ஒரு கிழமை வெயிலில் போட்டு, உருண்டை இல்லாமல் மாட்டுக்கொட்டில் பரணில் வைத்தேன். போன கிழமை பார்த்தபோது வேட்டியில் பூச்சி அரித்த ஓட்டைகள் விழுந்திருந்தன. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

தாய்மாரே, பிள்ளைக்குப் பழந்துணி சுற்றுங்கோ, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்ததைச் சுற்றாதீர்கள். வெயிலில் உதறினால் காணாது. உங்கள் பிள்ளைக்கு எந்த நொதியம் குறைவு என்று நெற்றியில் எழுதியிருக்காது. உள்ளங்கால் மஞ்சளானால் நாள் பார்க்காமல் ஓடுங்கள். டொக்டர் கேள்வி கேட்டால் முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

முப்பத்தோராம் நாள் மச்சாள் பிள்ளையை மடியில் வைத்து, வலக்காதில் மூன்று முறை பெயர் சொன்னா. ஆதவன். எல்லாரும் கேட்கும்படி நாங்களும் சொன்னோம். அவன் விரலைச் சூப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தான். சின்னப் பிள்ளைதானே என்று நினைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு குசினியில் சட்டி விழுந்தாலும் அவன் திடுக்கிடுவதில்லை என்பதை நான் கவனித்தேன். சிவமும் கவனித்திருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதம் யாழ்ப்பாணத்தில் கேள்விப் பரிசோதனை. நித்திரையான பிள்ளையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விட்டு, மூளை பதில் சொல்கிறதா என்று ஒரு இயந்திரம் பார்க்கும். நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலை எழும்பவில்லை. சத்தத்தைக் கூட்டினார்கள். மற்றக் காதுக்கு மாற்றினார்கள். பரிசோதித்த ஐயா மெதுவாகத்தான் கதைத்தார்.

"காதில பழுதில்லை அம்மா, சத்தம் உள்ள போகுது. அதை மூளைக்குக் கொண்டுபோற நரம்புதான் பதில் சொல்லேல்லை. ஆறாம் மாசம் திரும்பப் பாப்பம். கருவி இருக்குது, பயிற்சி இருக்குது. ஆனா நான் உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் சிவம் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் வழமைபோலத் தொடங்கினார். "இஞ்ச பாரடா, கடல். அங்க பார், வள்ளம் ஒண்டு நிக்குது. வலை போடுறாங்கள்..."

"இஞ்சாருங்கோ, அவனுக்குக் கேக்காது."

"தெரியும். அதுக்காக நான் வாயை மூடுறதே?"

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிள்ளையை அவரிடமிருந்து வாங்கினேன். முப்பத்தோராம் நாள் சொன்ன பெயர் இன்னும் அவனிடம் போய்ச் சேரவில்லை. முகத்துக்கு நேரே குனிந்து, உதட்டை நன்றாக விரித்துக் குவித்து, மூன்று முறை சொன்னேன். ஆதவன். ஆதவன். ஆதவன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.